பஞ்சு வைக்காத தோளும் தினசரிக் கோட்டும்

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் பொறுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாட்களாவது கோட்டு அணிய வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது தம்பியின் திருமண வரவேற்புக்கு வாங்கிய ஒரே கோட்டு. கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் மேலே ஏறுகிறது, கணினி முன் உட்கார்ந்தால் காலர் கழுத்தை விட்டு விலகுகிறது, வியர்வையோ தாங்க முடியவில்லை. தோளில் பேட் இல்லாத மென்மையான பிளேசர் ஒன்றைக் கடையில் போட்டுப் பார்த்தேன். சுகமாக இருந்தது, ஆனால் அக்குளுக்குக் கீழே துணி மடிந்து தொங்கியது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல இருக்கிறது என்றார் மனைவி. எனக்குச் சரிந்த தோள். அதிலும் வலது தோள் சற்றுத் தாழ்வு. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், சிறு தொப்பை உண்டு. தினமும் அணிய எந்த வகைக் கோட்டு சரியாக இருக்கும்? பழைய கோட்டின் பேடைப் பிரித்து எடுத்துவிட்டால் போதுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை வெயிலில் வெளியே போய்வந்து, வாரம் நான்கு நாள் கோட்டோடு வேலை பார்ப்பவருக்கு மென்மையாகத் தைத்த கோட்டுதான் ஏற்றது. கடையில் நீங்கள் போட்டுப் பார்த்த பிளேசர் தொங்கியதற்கு அதன் மென்மையைக் குறை சொல்ல வேண்டாம். அது உங்கள் தோளுக்கு வெட்டப்படாத கோட்டு. பேடும், உருவம் நிற்பதற்காக உள்ளே வைக்கும் விறைப்பான கேன்வாஸ் துணியும் உள்ள கோட்டில் வெட்டுப் பிழைகளில் பாதி உள்ளுக்குள்ளேயே மறைந்துபோகும். மென்மையான கோட்டில் மறைப்பதற்கு எதுவும் இல்லாததால், அளவெடுத்தவர் விட்ட பிழை, வெட்டியவர் விட்ட பிழை, தைத்தவர் விட்ட பிழை எல்லாமே வெளியே தெரியும். ஆகவே அந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர் அளவிலும் ட்ரையலிலும் மற்றவர்களைவிட அதிகக் கவனம் செலுத்தியாக வேண்டும். கீழே நான் எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கவனம் எங்கெங்கே தேவை என்பதைப் பற்றியதுதான்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு கோட்டின் உள்ளே இருக்கிறது. முறையாகக் கையால் தைத்த விறைப்பான கோட்டு ஒன்றின் லைனிங்கைப் பிரித்தால், தோளிலிருந்து கீழ் ஓரம் வரை ஓடும் கேன்வாஸ் முதலில் தெரியும். மார்புப் பகுதியில் அதன் மேல் இன்னொரு துணி இருக்கும். அதன் குறுக்கிழை குதிரை முடி என்பதால், கையில் சுருட்டிவிட்டாலும் உடனே நிமிர்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த முடி சட்டையைத் துளைத்துக் குத்தாமல் இருக்க, ஃபெல்ட் போன்ற மெத்தென்ற துணி ஒன்று அதை மூடியிருக்கும். தோளில் பருத்திப் பஞ்சை அடுக்கிச் செய்த பேட் ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் இருக்கும். கை தோளோடு சேரும் இடத்தில், கைமுனை உருண்டு நிற்பதற்காகப் பட்டையாக வெட்டிய பஞ்சு. இத்தனையும் சேர்ந்து, அணிபவரின் உடம்பு எப்படி இருந்தாலும் அதன் மேல் ஒரு சீரான உருவத்தை நிறுத்துகின்றன. மென்மையான கோட்டில் கேன்வாஸ் மெல்லியதாக இருக்கும், குதிரை முடித் துணி சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும், தோளில் பேட் இருக்காது அல்லது ஒன்றிரண்டு அடுக்குப் பஞ்சு மட்டும் இருக்கும், லைனிங் பாதியாகக் குறைந்திருக்கும். அங்கே உருவம் தருவது பெரும்பாலும் வெட்டும் இஸ்திரியும்தான்.

உங்கள் வரவேற்புக் கோட்டு இந்த இரண்டிலும் சேராது என்று நினைக்கிறேன். நம் ஊரில் வரவேற்புக்கென்று விற்கும் கோட்டுகளில் பெரும்பாலானவை ஃபியூசிங் செய்தவை. அதாவது கேன்வாஸைத் தைப்பதற்குப் பதிலாக, பசை பூசிய துணியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் முன்பக்கத் துணியோடு ஒட்டிவிடுவது. கடைசி பட்டன் துளைக்குக் கீழே உள்ள துணியை உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாக இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் கேன்வாஸ் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், வெளித்துணியே அட்டைபோல் தடித்திருந்தால் அது ஃபியூசிங். வியர்வை தாங்கவில்லை என்கிறீர்களே, அதற்கு முதல் காரணம் தோள் பேட் இல்லை. மார்பின் முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்கும் அந்தப் பசை அடுக்கு, அதற்கு மேல் உடம்பு முழுக்கச் சுற்றியிருக்கும் பாலியெஸ்டர் லைனிங், வெளித்துணியாகப் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த பாலி விஸ்கோஸ்: காற்றும் ஈரமும் வெளியேறும் வழியை இந்த மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக அடைத்துவிடுகின்றன. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், பேட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஃபியூசிங்கும் முழு பாலியெஸ்டர் லைனிங்கும் உள்ள ஒரு கோட்டை ‘சாஃப்ட் பிளேசர்’ என்று விற்றுவிட முடியும். அது பழைய கோட்டைப் போலவே புழுங்கும்.

தளர்வான தையல் என்பது கவனக்குறைவான தையல் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். லண்டனில் வேல்ஸ் இளவரசருக்கு, பின்னாளில் எட்டாம் எட்வர்டாகி முடி துறந்தவருக்கு, கோட்டு தைத்தவர் ஃபிரெடெரிக் ஷோல்ட்டே. மார்பிலும் முதுகின் தோள்பட்டைப் பகுதியிலும் கொஞ்சம் துணியைக் கூடுதலாக விட்டு, உள்கட்டுமானத்தை இலகுவாக்கி, கை சேரும் துளையான கைக்குழியைச் சிறிதாக வெட்டி, இறுகாமலும் அதே நேரம் கச்சிதமாகவும் இருக்கும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். அவரிடம் பயின்ற பெர் ஆண்டர்சன் 1906இல் தொடங்கிய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் இன்றும் அந்த மென்மைக்காகவே பெயர் பெற்றிருக்கிறது. அதே லண்டனில், சாவில் ரோ வீதியில், குதிரைச் சவாரி உடைகளில் தேர்ந்த ஹன்ட்ஸ்மேன் நிறுவனம் உறுதியான தோளும் பிடிப்பான இடுப்பும் கொண்ட கோட்டுக்குப் பெயர் பெற்றது. இரண்டுமே உயர்ந்த தரத்துத் தையல்தான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 1930களில் ஜென்னாரோ ருபினாச்சி நடத்திய லண்டன் ஹவுஸ் என்ற கடையில் வின்செஞ்சோ அத்தோலினி என்ற துணி வெட்டும் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போய், பேடையும் லைனிங்கையும் பெருமளவு எடுத்துவிட்டு, சட்டையைப் போல இலகுவான கோட்டை வெட்டினார். ஆங்கிலேயர் கோட்டைத் தென் இத்தாலியின் வெயிலில் நாள் முழுக்க அணிந்திருக்க வேண்டியவர்களுக்காகப் பிறந்த முறை அது. 1970களில் மிலானில் ஜார்ஜியோ அர்மானி இதே மென்மையை ஆயத்த ஆடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் கோட்டின் அளவையும் தளர்த்தினார். மென்மையான கோட்டு என்றால் தொளதொளவென்று இருக்கும் என்று பலர் நினைப்பதற்கு அந்தக் காலத்துப் படங்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. உங்களுக்கு வேண்டியது நேப்பிள்ஸ் வழி. உள்ளே இலகுவாக இருக்கட்டும். அளவு கச்சிதமாக இருக்கட்டும்.

இனி உங்கள் தோளுக்கு வருகிறேன். ஆயத்தக் கோட்டுகள் ஒரு சராசரித் தோள் சரிவுக்கு வெட்டப்படுகின்றன. உங்கள் தோள் அதைவிடச் சரிந்திருப்பதால், கோட்டின் தோள்முனைக்குக் கீழே தாங்குவதற்கு உடம்பு இல்லை. துணி அங்கே இறங்கும்போது, கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் விழுகின்றன. மிஞ்சிய துணி அக்குளுக்குக் கீழே மடிந்து தொங்குகிறது. உங்கள் மனைவி கண்டது இதைத்தான். விறைப்பான கோட்டில் பேட் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால் இது தெரிவதில்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் சரிவுக்கு ஏற்றபடியே தோளை வெட்டி, பேட் எதுவும் இல்லாமல் தைப்பது. கோட்டு சுத்தமாக உட்காரும், ஆனால் உங்கள் சரிவு அப்படியே வெளியே தெரியும். மற்றொன்று, தோளைச் சற்று மட்டும் நிமிர்த்தி வெட்டி, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை பருத்திப் பஞ்சை அடுக்கி, தாழ்ந்திருக்கும் வலது பக்கத்தில் மட்டும் ஓர் அடுக்கு கூடுதலாக வைப்பது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். பேடே இல்லாததுதான் உண்மையான மென்மை என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வாடிக்கையாளர் முன் நிற்கும்போது ஒரு தோள் தாழ்ந்து தெரிகிறதே என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடாது என்பது அந்தப் பிடிவாதத்தைவிட முக்கியம். பஞ்சு வைத்தபின், தோள் தையல் உங்கள் எலும்பின் முனையோடு முடிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதைத் தாண்டி வெளியே நீண்டால், மென்மையான கோட்டில் அந்த முனை உடனே துவண்டுவிடும்.

கை வைக்கும் விதத்திலும் தேர்வு உண்டு. நேப்பிள்ஸ் முறையில் கைமுனையில் பஞ்சுப் பட்டை வைக்காமல், தையலின் உள்துணியைத் தோள் பக்கமாகத் திருப்பி, சட்டைக் கை போலத் தோளின் அடியிலிருந்து கை இறங்குமாறு வைப்பார்கள். கையின் மேல்பகுதியில் சிறு சுருக்கங்கள் தெரியும். பார்க்க அழகானது, ஆனால் அதைச் செய்து பழகிய கை வேண்டும். பழகாதவரிடம் கேட்டால் சுருக்கம் பிழைபோல் விழும். உங்கள் தையற்காரர் எப்போதும் வைப்பதுபோலவே, மெல்லிய பட்டையோடு சாதாரணமாகக் கை வைக்கச் சொல்லுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் ஏறுகிறது என்றீர்கள். இதை நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். கைக்குழி பெரிதாகவும் கீழே இறங்கியும் இருந்தால் கை தாராளமாக அசையும் என்று நினைத்து, வாடிக்கையாளர்களே ‘அக்குளில் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்’ என்று கேட்கிறார்கள். கைக்குழி எவ்வளவு கீழே இருக்கிறதோ, கையைத் தூக்கும்போது கோட்டின் உடலையும் அவ்வளவு இழுத்துக்கொண்டுதான் கை மேலே போகும். அக்குளுக்கு நெருக்கமாக, ஆனால் அழுத்தாமல் கைக்குழியை வெட்டி, கையை அதைவிடச் சற்று அகலமாக வெட்டி, அந்த உபரியை நூலால் சுருக்கி, இஸ்திரியால் ஆவி கொடுத்து அடக்கித் தைத்தால், பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றாலும் கோட்டின் கீழ் ஓரம் பெரிதாக நகராது. ட்ரையலின்போது கண்ணாடி முன் விறைத்து நிற்காதீர்கள். ஒரு கையை மேலே தூக்கி, மறு கையால் கோட்டின் கீழ் ஓரம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அதன்பின் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் தட்டெழுதுவதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டி, காலர் சட்டைக் காலரை விட்டு விலகுகிறதா என்று அருகிலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய கோட்டில் காலர் விலகுவதற்குத் தாழ்ந்த கைக்குழியும் குறுகிய முதுகும் சேர்ந்தே காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மேசையில் குனிந்து வேலை பார்ப்பவருக்கு முதுகின் குறுக்களவில் கொஞ்சம் தாராளம் வேண்டும். நேராக நிற்கும்போது கைக்குழிக்குப் பின்னால் அது ஒரு சிறு மடிப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அந்த மடிப்பைப் பார்த்துவிட்டு முதுகைப் பிடிக்கச் சொல்பவர்கள்தான் பிறகு கை நீட்ட முடியாமல் தவிக்கிறார்கள்.

காலரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மென்மையான கோட்டில் கழுத்துக்கு முழு முக்கியத்துவம் வருகிறது, ஏனென்றால் கோட்டின் எடை முழுவதும் கழுத்தின் பின்புறத்திலும் தோளின் மேற்பகுதியிலும்தான் தங்குகிறது. அங்கே காலர் ஒட்டி உட்கார்ந்தால் எடையே தெரியாது. காலரும், காலருக்குக் கீழே மார்பின் மேல் மடிந்து திரும்பும் லேபலும் கையால் தைக்கப்பட்டவையா என்று கேளுங்கள். லேபலின் அடியில் கேன்வாஸையும் துணியையும் சேர்த்துச் சிறு சிறு சாய்வுத் தையல்கள் போடும்போது, தையற்காரர் அதைத் தட்டையாக வைத்துத் தைப்பதில்லை. இடது கையின் ஆட்காட்டி விரல் மேல் லேபலை வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஊசி வெளித்துணியின் ஓரிரு இழையை மட்டும் கவ்வுமாறு தைத்துக்கொண்டே போவார். நூற்றுக்கணக்கான தையல்களுக்குப் பிறகு விரலின் அந்த வளைவு துணியில் தங்கிவிடும். லேபல் தானாகவே உருண்டு திரும்பும், இஸ்திரி போட்டு மடித்துவிட வேண்டியதில்லை. முழுக் கோட்டையும் கையால் தைக்க உங்கள் பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், மார்பு வரைக்கும் கேன்வாஸ், லேபலும் காலரும் கைத்தையல், கீழ்ப்பகுதிக்கு மிக மெல்லிய ஃபியூசிங் என்ற ஏற்பாடு தினசரிக் கோட்டுக்குப் போதுமானது. முழு கேன்வாஸ்தான் வேண்டும் என்று கடன் வாங்கித் தைக்க வேண்டாம்.

துணியைத் தேர்வு செய்யும்போது கடைக்காரர் எடை குறைந்ததையும் வழவழப்பானதையும்தான் முதலில் எடுத்துப் போடுவார். நம் வெயிலுக்கு அதுதான் என்பார். விறைப்பான கோட்டில் அந்தத் துணி சமாளித்துவிடும், உள்ளே தாங்குவதற்குக் கேன்வாஸும் பேடும் இருப்பதால். மென்மையான கோட்டில் துணிதான் தன்னைத் தானே தாங்க வேண்டும். மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள மெல்லிய துணி மதியத்துக்குள் கசங்கி உடம்போடு ஒட்டிவிடும். 260 முதல் 300 கிராம் வரை எடையுள்ள, நன்கு முறுக்கிய நூலில் இடைவெளிவிட்டு நெய்த கம்பளித் துணியைக் கேளுங்கள். ஹாப்சாக், ஃப்ரெஸ்கோ என்ற பெயர்களில் வருபவை இந்த வகை. எடை கூடுதலாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். காற்றும் அந்த வழியாகப் போகும். ஒரு முனையைக் கைக்குள் கசக்கிச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். சுருக்கம் உங்கள் கண்ணெதிரே விரிந்தால் வாங்கலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரப்பதத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. குளிரூட்டிய அலுவலகத்துக்கும் வெளியே இருக்கும் புழுக்கத்துக்கும் நடுவே நாள் முழுக்க நடக்கும் நமக்கு இந்தக் குணம் பெரிய உதவி. துணியின் ஓரத்தில் ‘சூப்பர் 150’ என்று அச்சிட்டிருந்தால் அதைத் தரத்தின் உச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் இழையின் மெல்லிமையை மட்டுமே சொல்கிறது: சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் அதிகபட்சம் 18.75 மைக்ரான், சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரான். இழை மெல்லியதாகும்போது பளபளப்பும் வழவழப்பும் கூடும், நீண்ட நாள் உழைப்பது குறையும். தினமும் நாற்காலியின் முதுகில் உராயும் கோட்டுக்கு 100 அல்லது 110 போதும்.

பருத்தியில் தைக்கலாமா என்று கேட்பீர்கள். தைக்கலாம், ஆனால் கம்பளியைப்போல ஆவியிலும் சூட்டிலும் வளைந்துகொடுத்து உருவம் பிடிக்கும் குணம் பருத்திக்கு இல்லை. வெட்டு மட்டுமே நம்பிக்கை என்பதால் முதல் கோட்டுக்கு அது வேண்டாம். லினன் அழகாக விழும், கசங்கத்தான் செய்யும். அந்தக் கசங்கலை ரசிக்கிறவர்களைச் சந்திக்கப் போகும் நாளுக்கு இரண்டாவது கோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கருநீலம். கறுப்பை வரவேற்புக்கே விட்டுவிடலாம்.

லைனிங்கைப் பொறுத்தவரை, முதுகின் மேல்பகுதிக்கும் இரண்டு கைகளுக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள். கைகளுக்கு லைனிங் இல்லாவிட்டால் சட்டைக் கை மேலே சுருண்டுகொள்ளும்; முதுகின் மேல்பகுதியில் இல்லாவிட்டால் கோட்டு சட்டையின் மேல் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் தேவையில்லை. லைனிங் துணி, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸாகவோ, அதைப் போன்றதும் பெம்பர்க் என்ற பெயரில் விற்பதுமான குப்ரோவாகவோ இருக்கட்டும். லைனிங் குறைந்தால் கூலி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறைவாக இருந்த தையல்கள் எல்லாம் இப்போது வெளியே தெரிவதால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பைப்பிங் என்னும் மெல்லிய துணிப் பட்டையால் மூடி முடிக்க வேண்டும். வேலை கூடத்தான் செய்யும்.

உங்கள் உயரத்துக்கும் தொப்பைக்கும் சில சொற்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் கட்டைக் கோட்டு கால்களை நீளமாகக் காட்டும் என்று சொல்வார்கள். தொப்பை உள்ளவருக்கு அது முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். பின்பக்கம் மறையும் அளவுக்கு நீளம் இருக்கட்டும். இரண்டு பட்டன்களில் மேல் பட்டன் தொப்புளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே வர வேண்டும். அதைப் போட்டபின் துணி குறுக்கே இழுத்து நட்சத்திரம்போல் சுருக்கம் விழுந்தால் இடுப்பைத் தளர்த்தச் சொல்லுங்கள். மென்மையான துணி அந்த இழுப்பைக் கொஞ்சமும் மறைக்காது. லேபல் எட்டரை சென்டிமீட்டர் அகலம் இருந்தால் உங்கள் மார்புக்குச் சரியாக இருக்கும். வெளிப்பக்கம் ஒட்டுப் பாக்கெட் வைத்துக்கொள்ளலாம், கோட்டின் இலகுத்தன்மைக்கு அது பொருந்தும். ஆனால் அதில் செல்பேசியை வைக்கக் கூடாது. விறைப்பான கோட்டு தாங்கும் அந்த எடையை இது தாங்காது. ஒரு பக்கம் இழுத்து, லேபலே கோணலாகிவிடும். செல்பேசிக்கு உள்பக்கத்தில், மார்பை ஒட்டி, கேன்வாஸோடு சேர்த்துத் தைத்த பை ஒன்று கேளுங்கள். பர்ஸையும் சாவிக்கொத்தையும் கைப்பையில் போட்டுவிடுங்கள்.

பழைய கோட்டின் பேடைப் பிரித்து எடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்தத் தோள் பேடின் உயரத்தைக் கணக்கிட்டு வெட்டப்பட்டது. பேடை எடுத்தால் அந்த உயரத்துக்கான துணி அப்படியே தங்கி, தோளில் குழி விழும். கடையில் நீங்கள் பார்த்த அதே தொங்கல் உங்கள் கோட்டிலும் வந்துவிடும். அதைச் சரிசெய்யக் கையைப் பிரித்து, தோள் சரிவை மாற்றி, கைக்குழியைத் திரும்ப வெட்டிக் கையை மறுபடி வைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அந்தக் கோட்டு தகாது. ஃபியூசிங்கையோ பிரிக்கவே முடியாது. முதுகில் கீழ்ப்பாதி லைனிங்கை வெட்டியெடுத்து ஓரம் முடிக்கச் சொன்னால் புழுக்கம் சற்றுக் குறையும். அதை மட்டும் செய்து, விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசேஷங்களுக்கு என்று நான் சொல்வது ஒதுக்கித் தள்ளுவதற்காக இல்லை. உறுதியான தோளும் நிமிர்ந்த மார்பும் உள்ள கோட்டுக்கு இன்றும் உரிய இடம் இருக்கிறது. மேடையில் நிற்கும்போதும், புகைப்படத்துக்கு நிற்கும்போதும், முன்பின் தெரியாத பலர் நம்மைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் அது மனிதரை நிமிர்த்திக் காட்டும். மிகவும் ஒல்லியானவர்களுக்கும் உள்வாங்கிய மார்பு உள்ளவர்களுக்கும் நானே சில சமயம் அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் சந்திக்கப் போவதோ மேசைக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை. அந்தத் தூரத்தில் கோட்டின் விறைப்பைவிட, அதற்குள் நீங்கள் இயல்பாக மூச்சுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதுதான் முதலில் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலரை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஒருவர் சொல்வதைக் கேட்பவர் முழு மனதோடு கேட்பதில்லை.

வண்டியில் போகிறவராக இருந்தால் கோட்டை அணிந்துகொண்டு ஓட்டாதீர்கள். மடித்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றொரு தோளை அதற்குள் நுழைத்து, இரண்டு லேபல்களும் ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே ஒரே மடிப்பு. வெளித்துணி முழுக்க உள்ளே போய்விடுவதால் தூசியும் படாது. பேட் வைத்த கோட்டை இப்படி மடித்தால் அதன் மார்புப் பகுதி உருக்குலைந்துவிடும். மென்மையான கோட்டுக்கு இது ஒன்றும் செய்யாது, அலுவலகத்தில் பத்து நிமிடம் தொங்கவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். தொங்கவிடும் ஹேங்கரின் தோள்முனை தடித்து, வளைந்து இருக்க வேண்டும். சலவைக்காரர் தரும் கம்பி ஹேங்கர் ஒரே மாதத்தில் தோளில் கூர் விழச் செய்துவிடும், அதை மீட்பது கடினம். வியர்த்த கோட்டை அன்றே அலமாரிக்குள் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க உலர விடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒரே கோட்டை அணியாதீர்கள். வாரம் நான்கு நாள் என்றால் இரண்டு கோட்டு தேவை. முதல் கோட்டை மூன்று மாதம் அணிந்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே இரண்டாவதைத் தைக்கக் கொடுங்கள். ட்ரை கிளீனிங் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் பிரஷ் போதும்.

தையற்காரரைத் தேடும்போது, பேட் இல்லாத கோட்டு தைப்பீர்களா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தைப்போம் என்றுதான் சொல்வார்கள். அவர் ஏற்கெனவே தைத்து, இன்னும் வாங்கிப் போகாமல் கடையில் இருக்கும் ஒரு கோட்டைக் காட்டச் சொல்லி, அதன் தோளைக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். கீழ் ஓரத்தில் நான் சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். குறைந்தது இரண்டு ட்ரையல் வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதலாவது கை வைக்காமல், ஓட்டுத் தையலில் மட்டும் இருக்கும்போது. இரண்டாவது கை வைத்தபின், பட்டன் துளைகளுக்குக் காஜா போடும் முன். தோள் சரிவையும் வலது பக்கத் தாழ்வையும் முதல் ட்ரையலிலேயே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். குறிக்காமல் ‘பஞ்சு வைத்துச் சரி பண்ணிடலாம் சார்’ என்றால், வேறு கடை பார்ப்பது நல்லது.

ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தக் கோட்டுகள் குவியும், அதன்பின் தீபாவளி நெரிசல். அந்த மாதங்களில் எந்தக் கட்டிங் மாஸ்டராலும் ஒரு தினசரிக் கோட்டுக்காக இரண்டு ட்ரையல் நிதானமாகப் பார்க்க முடியாது. துணியை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, ஆடி மாதத்தின் முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். நாள் முழுக்க அணியும் சட்டையையும் காலணியையும் அணிந்துகொண்டு அளவு கொடுக்கப் போங்கள்.